டிராயரில் உருளும் தோட்டா

12-1-1967. ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா ரிவால்வரால் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவருமே பிழைத்தார்கள்!

எப்படி? தோட்டா நாள்பட்டது, மருந்து வீரியம் போய்விட்டது என்பார்கள்.

இதை நம்பி யாரும் பழைய தோட்டாவோடு விளையாட வேண்டாம். வீரியம் குறைந்தால் குண்டு குழாயிலேயே சிக்கும். அடுத்த குண்டு வெடித்தால் சுட்டவன் கையே போய்விடும்.

"காலித் தோட்டாதானே, நாமே மருந்து அடைத்தால் என்ன? பட்டறையில் கடைந்து வேறு ரிவால்வருக்குப் பொருத்தினால் என்ன?" என்று சில மேதாவிகள் கேட்கலாம்.

மருந்து கூடினால் ரிவால்வரே சிதறும். சட்டமும் சும்மா விடாது. துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்சு வேறு, தோட்டா செய்யும் லைசென்சு வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு திருட்டுத்தனமாகச் செய்தால் குறைந்தது 7 ஆண்டு ஜெயில். ஆயுள் வரை போகும்!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் தாத்தா காலத்து ரிவால்வர் பீரோவில் தூங்கலாம். லைசென்சுதாரர் இறந்துவிட்டால் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். தோட்டாவையும் சேர்த்துத்தான்!

கொண்டு வருபவரைத் திருடன் போல் குடையாமல், போலீசார் ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். ஜனங்கள் தைரியமாக வருவார்கள்.

எம்.ஜி.ஆருக்கு ஆயுசு கெட்டி. எல்லோருக்கும் அப்படி அமையுமா?