சாமியாரை எதிர்க்கக் கல் எதற்கு?

ஏதாவது ஒரு சாமியாரைப் பற்றிப் பேப்பரில் செய்தி வந்தால் போதும், குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடுகிறது. ஒரு சாரார், "உள்ளே புகுந்து அடிச்சு நொறுக்கணும்" என்கிறார்கள். மற்றவர்கள், "சாமி விஷயம், நமக்கெதுக்கு வம்பு?" என்று வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். இரண்டுமே தப்பு என்பது என் கருத்து.

அமைதியாக, ஆயுதமில்லாமல் கூடுவதற்கு அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு நமக்கு உரிமை தருகிறது. அவரவர் மதத்தைப் பின்பற்ற 25-வது பிரிவு உரிமை தருகிறது. பொது அமைதி கெடக்கூடாது என்ற கடிவாளம் இரண்டுக்கும் உண்டு. அதனால்தான் நம் ஊர் மணிக்கூண்டுப் பக்கம் ஆர்ப்பாட்டம் என்றாலும் முன்கூட்டியே போலீசில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. அனுமதி மறுத்தால் மதுரை ஐகோர்ட் கிளைக்குப் போகலாம்.

வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு மத நம்பிக்கையை அவமதித்தால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்றும் சட்டம் உண்டு. ஆனால் 'வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு' செய்தால்தான் அது பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட் 1957-லேயே விளக்கிவிட்டது. ஒரு சாமியாரின் நடத்தையைப் பற்றி நியாயமாகக் கேள்வி கேட்பது சாமியை நிந்திப்பது ஆகாது.

2010-ல் நித்யானந்தா வீடியோ டி.வி.யில் வந்தபோது அவருடைய ஆசிரமங்களைத் தாக்கினார்கள். என்ன பலன்? 2012-ல் அவரே மதுரை ஆதீனத்தின் 293-வது பட்டமாக அறிவிக்கப்பட்டார். எதிர்ப்பும் வழக்குகளும் வலுத்த பிறகு, அதே வருஷம் அக்டோபரில்தான் நீக்கப்பட்டார்.

விராலிமலைப் பக்கம் இருந்த பிரேமானந்தா கதையைப் பாருங்கள். ஆசிரமத்துப் பெண்கள் தைரியமாக வாய் திறந்தார்கள். 1994-ல் கைது, 1997-ல் புதுக்கோட்டை கோர்ட்டில் இரட்டை ஆயுள் தண்டனை. பெரிய பெரிய வக்கீல்கள் வாதாடியும் 2005-ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. 2011-ல் தண்டனைக் கைதியாகவே அவர் இறந்தார். அவரை வீழ்த்தியது அந்தப் பெண்களின் சாட்சிதான், கல்லோ கம்போ இல்லை.

கல் எறிந்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் மேல் கேஸ் வரும். நேற்றுவரை குற்றவாளியாக நின்றவர், 'என் மதத்துக்கு ஆபத்து' என்று பரிதாபம் தேடிக்கொள்வார். உள்ளே இருக்கும் அப்பாவிப் பக்தைகளும் அடிபடுவார்கள்.

அதே சமயம் போலீசுக்கும் ஒரு வார்த்தை. எங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கிறீர்கள், சரி. அப்படியானால் புகாரோடு வரும் பெண்ணை, "பெரிய இடம்மா, யோசிச்சுக்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி இல்லையென்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். நியாயமான வழியை அடைத்தால் ஜனங்கள் தப்பான வழியில்தான் போவார்கள்.

சகோதரிகளே, ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற போன் நம்பர்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். காலண்டர் பக்கத்தில் இந்த நம்பர்களை எழுதி ஒட்டி வையுங்கள். என்றைக்காவது ஒரு பெண்ணுக்கு உதவும்.

– ஒரு குடும்பத் தலைவி, திண்டுக்கல்.