பெயருக்குக் காவல் யார்?

கணக்குப் புத்தகத்தில் ஏறாத முதலீடு ஒன்று ஒவ்வொரு வணிகரிடமும் உண்டு. அதுதான் கடையின் பெயர். தலைமுறைகளாகச் சேர்ந்த நன்மதிப்பை, அடுத்த தெருவில் ஒரு பலகையை மாட்டி எவரும் அபகரிக்கலாம் என்றால், நேர்மையான உழைப்புக்கு மதிப்பேது?

இதில் சட்டத்தின் நிலை தெளிவாகவே உள்ளது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் இரு தரப்பினரிடமும் பதிவுச் சான்று இருந்தது. முதலில் பயன்படுத்தியவரின் உரிமை பதிவையும் விஞ்சியது என 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999-ஆம் ஆண்டின் வர்த்தக முத்திரைச் சட்டமும் இந்த உரிமையை ஏற்கிறது.

ஆனால், உரிமை இருந்தால் மட்டும் போதாது. அதை நிலைநாட்டும் வழியும் எளிதாக இருக்க வேண்டும். பதிவாளரின் ஆணைகளுக்கு எதிரான மேல்முறையீடுகளை விசாரிக்க, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2003-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் தொடங்கப்பட்டது. அதன் தலைவர் பதவியும் உறுப்பினர் பதவிகளும் நீண்ட காலம் காலியாகவே கிடந்தன. வழக்குகள் தேங்கின. நியமனம் செய்ய வேண்டிய மத்திய அரசே, 2021 ஏப்ரலில் அவசரச் சட்டத்தின் மூலம் வாரியத்தைக் கலைத்தது.

அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என வர்த்தகத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அதே ஆண்டு ஜூலையில் பரிந்துரைத்தது. அறிக்கையின் மை உலரும் முன்பே, ஆகஸ்ட் 3-ஆம் தேதி எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே, விவாதமின்றி மக்களவை தீர்ப்பாயங்கள் சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியது. சில நாள்களில் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் கூடி ஆராய்ந்து அளித்த பரிந்துரைக்கு அவையில் கிடைத்த மரியாதை இதுதான்.

வாரியத்தின் பணி இப்போது உயர் நீதிமன்றங்களிடம் உள்ளது. தில்லியில் 2021-இலும் சென்னையில் 2023-இலும் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவுகள் அமைந்தது வரவேற்கத்தக்கது. ஆனால், எல்லா உயர் நீதிமன்றங்களிலும் இந்த வசதி இல்லை. பெருநிறுவனத்தால் மூத்த வழக்குரைஞரை அமர்த்த முடியும். மிட்டாய்க் கடைக்காரரால் முடியுமா?

வாரியத்தை மீண்டும் அமைப்பதா, எல்லா மாநிலங்களிலும் தனிப் பிரிவுகளை ஏற்படுத்துவதா என்பதை அரசு முடிவு செய்யட்டும். அந்த முடிவு, 2021-இல் நடைபெறாத விவாதத்தை மக்களவையில் நடத்திய பிறகு எடுக்கப்பட வேண்டும். சிறு வணிகரின் பெயரைக் காக்கும் பொறுப்பை அமளிக்கிடையே கைகழுவ நாடாளுமன்றத்துக்கு உரிமையில்லை.