சௌக்கியமாயிருக்கும்போது சாப்பிடும் மருந்து

மருந்துக்கு உலகத்தில் ஒரு நியதி உண்டு. ஜுரம் வந்தால் மருந்து. ஜுரம் விட்டால் மருந்தையும் விட்டுவிடலாம். தலை வலித்தால் பற்று. வலி நின்றதும் பற்றைக் கழுவிவிடுகிறோம். நம் பாட்டிமார் காலத்திலிருந்து வழிவழியாக வந்த இந்த நியதியை ரத்தக் கொதிப்பு என்னும் வியாதி தலைகீழாக்கிவிட்டது. இவ்வியாதி உள்ளவருக்குப் பெரும்பாலும் வலியும் இல்லை, ஜுரமும் இல்லை. நன்றாய்ச் சாப்பிடுகிறார், நன்றாய்த் தூங்குகிறார், கச்சேரிக்குப் போனால் முன்வரிசையில் அமர்ந்து தாளம் போடுகிறார். அப்படிப்பட்டவரிடம் வைத்தியர், "தினந்தோறும் ஒரு மாத்திரை; நான் சொல்லும் வரையில் நிறுத்தலாகாது" என்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லாதபோது மருந்து எதற்கு என்று அவர் மனத்தில் கேள்வி எழுவது நியாயந்தான். அக்கேள்விக்கு விடை காணாமல் மாத்திரையை விழுங்குகிறவர், சில மாதங்களில் விழுங்குவதை நிறுத்திவிடுவார். ஆகையால் அதைப் பற்றியே இவ்வாரம் நேயர்களுடன் சிறிது பேச உத்தேசித்திருக்கிறோம்.

நல்ல மருந்து இல்லாத காலம் எப்படியிருந்தது என்பதற்கு ஒரு பெரிய மனிதரின் சரித்திரமே சாட்சி. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 1944-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பரிசோதித்த டாக்டர் ஹோவர்டு புரூயன், அவருடைய ரத்த அழுத்தம் 186/108 என்று கண்டார். மகா யுத்தத்தை நடத்திக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு ஓய்வும், உப்புக் குறைந்த உணவும், இருதயத்துக்கு டிஜிடாலிஸும் கொடுக்க முடிந்ததே தவிர, அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தத் தக்க மருந்து அவர்கள் கையில் இல்லை. 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி, ஜார்ஜியா மாகாணத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், ஓவியர் ஒருவர் அவர் உருவத்தை எழுதிக்கொண்டிருக்கையில், தலையின் பின்புறம் கடுமையாக வலிப்பதாகச் சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300/190. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, சில மணி நேரத்திற்குள் உயிர் நீத்தார். அவருக்கு வயது 63.

பிறகு வழி பிறந்தது. அதில் நம் நாட்டு வேர் ஒன்றுக்கும் பங்கு உண்டு என்பது நமக்குப் பெருமை தரும் விஷயம். சர்ப்பகந்தி வேர் ரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்று வங்காளத்து வைத்தியர்களான கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ஆம் வருஷத்திலேயே எழுதினார்கள். பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம்முடைய நோயாளிகளிடம் கண்ட பலனை 1949-இல் பிரிட்டிஷ் இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டபோதுதான் மேனாட்டார் திரும்பிப் பார்த்தனர். 1952-இல் ஸ்விட்ஸர்லாந்தில் அவ்வேரின் சத்தைப் பிரித்தெடுத்து ரிஸர்பின் என்று பெயரிட்டார்கள்.

1967-இல் வெளியான ஒரு சோதனை சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. அமெரிக்காவின் முன்னாள் போர்வீரர்களில், அழுத்தத்தின் கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 பேரைத் தேர்ந்து, 73 பேருக்கு மருந்தும் 70 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து வந்தார்கள். கொடுத்த மூன்று மருந்துகளில் ரிஸர்பினும் ஒன்று. வெற்று மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான கேடுகள் நேர்ந்தன. மருந்து உண்டவர்களில் 2 பேருக்கு மட்டுமே நேர்ந்தன. உடம்புக்கு ஒன்றுமில்லாதபோது மருந்து எதற்கு என்ற கேள்விக்கு விடை அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. வலி கொடுக்காத இவ்வழுத்தம் சும்மா இருப்பதில்லை. மூளை, இருதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் குழாய்களை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கெடுத்துவிட்டு, ஒருநாள் பாரிசவாயுவாகவோ மாரடைப்பாகவோ தலைகாட்டுகிறது.

ரிஸர்பின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. அளவு மிஞ்சியபோது அது பலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவந்தது. அதைவிடச் சாதுவான மருந்துகள் வந்த பின் அதன் உபயோகம் அருகிப்போயிற்று. நாட்டு வேரானாலும் சரி, சீமை மாத்திரையானாலும் சரி, அழுத்தத்தைக் குறைக்கும் வலிமை உள்ள பொருளுக்குத் தீங்கு செய்யும் வலிமையும் உண்டு. எனவே, "மூலிகைதானே" என்று தாமாக வாங்கி மாத்திரையோடு சேர்த்து உண்பது ஆபத்து.

"மாத்திரை சாப்பிட்டேன், அழுத்தம் 130/80 ஆகிவிட்டது, ஆகவே நிறுத்திவிட்டேன்" என்று சந்தோஷமாய்ச் சொல்லும் அன்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அடை மழையில் குடை பிடித்துச் செல்லுகிறவர், "நான் நனையவே இல்லையே" என்று குடையை மடக்குவதுண்டா? 130/80 என்பது குடைக்குள் இருக்கும் கணக்கு. வெளியே மழை விடவில்லை. இன்று பலரும் உண்ணும் அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாக நீங்குவது. அதை நிறுத்தினால் சில நாட்களில் அழுத்தம் ஓசைப்படாமல் பழைய நிலைக்கு ஏறிவிடும். அடினோலால், மெட்டொப்ரோலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பும், இருதய நோயுள்ளவர்களுக்கு நெஞ்சு வலியும், மாரடைப்புங்கூட நேரலாம். குளோனிடின் என்னும் மருந்தை நிறுத்தினால் ஓரிரு நாட்களிலேயே அழுத்தம் முன்னிலும் அதிகமாய்ச் சீறி எழக்கூடும். உடல் எடை குறைந்து, உப்பும் குறைந்து, நடைப் பழக்கமும் ஏற்பட்டவருக்கு மாத்திரையைக் குறைக்க இடமுண்டு. ஆனால் படிப்படியாய்க் குறைப்பது வைத்தியரின் வேலை. கல்யாணத்துக்கோ க்ஷேத்திரத்துக்கோ பிரயாணம் போகிறவர்கள், திரும்பும் நாளுக்கு மேல் சில நாட்களுக்கும் மாத்திரையைக் கைப்பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறதி மனித சுபாவம். ஒரு வேளை மறந்து போனால் ஞாபகம் வந்ததும் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதானால் மறந்ததை மறந்ததாகவே விட்டுவிட வேண்டும். ஈடு செய்வதாக எண்ணி இரண்டை ஒன்றாக விழுங்கினால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி, மயங்கி விழ நேரிடலாம். ஏழு நாட்களுக்கு ஏழு அறைகள் உள்ள சிறு டப்பா ஒன்று இருந்தால், "இன்று சாப்பிட்டோமா, இல்லையா?" என்னும் தர்க்கம் வீட்டில் எழாது.

இனி, மருந்தின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி சூட்டிய பெயர். அதனருகே சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் உண்மைப் பெயர். இந்தச் சிறிய எழுத்தைப் படியாததால், இரண்டு வைத்தியர்கள் இரண்டு பெயரில் எழுதிய ஒரே மருந்தை ஒருவர் இரட்டிப்பாக உண்பதுண்டு. டெல்மிசார்ட்டான் 40 மில்லிகிராமும் அம்லோடிபின் 5 மில்லிகிராமும் ஒரே வில்லையில் சேர்ந்து வருகின்றன. அதை உண்டுவிட்டுத் தனி அம்லோடிபினையும் பழக்கத்தால் உண்பவர்கள் உண்டு. மெதுவாய்க் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடி செய்வதும் தவறு; ஒரு நாளைக்கான மருந்து முழுவதும் ஒரே மூச்சில் உடம்பில் சேர்ந்துவிடும்.

இம்மருந்துகளை வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்பது 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளின்கீழ் உள்ள ஏற்பாடு. அது காரணமில்லாமல் செய்ததன்று. மாமனாருக்குக் கேட்ட மாத்திரை மருமகனுக்கும் கேட்கும் என்று நினைப்பது பொல்லாத நினைப்பு. ஆஸ்துமா உள்ளவருக்கு அடினோலால் மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். எனலாப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் ஆகியவை கர்ப்பத்திலுள்ள சிசுவுக்குக் கேடு செய்யும். இவற்றை உண்டு வரும் பெண்கள், கர்ப்பம் தரிக்க எண்ணும்போதே வைத்தியரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். கர்ப்பம் என்று அறிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் சத்துருக்கள் பெரும்பாலும் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறார்கள். மூட்டு வலிக்கென்று உண்ணும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் முதலியவை அழுத்தத்தை ஏற்றும். சில கொதிப்பு மருந்துகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். மூக்கடைப்பைத் திறக்கும் ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றுக்கும் அழுத்தத்தை ஏற்றும் குணம் உண்டு. தொண்டைக்கு இதமென்று பாடகர்கள் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் நாள்தோறும் உண்டால், உப்பை உடம்பில் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றிவிடும். இதற்கு மாறான சங்கடமும் ஒன்று உண்டு. எனலாப்ரில், லோசார்ட்டான் இனத்து மருந்துகள் ரத்தத்தில் பொட்டாசியத்தை மிகுவிக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கிறது; இளநீரிலும் அது மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றவர்கள் வைத்தியரைக் கேளாமல் இவற்றைப் பழக்கமாக்கிக் கொள்ளலாகாது. பொட்டாசியம் அளவு மிஞ்சினால் இருதயத்தின் துடிப்பே தடுமாறும்.

மருந்து ஒவ்வாமற் போனால் என்ன செய்வது? அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரிலால் சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் வரும். நீரைப் பிரிக்கும் மாத்திரைகள், முக்கியமாக முதியோருக்கு, ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துச் சோர்வையும் குழப்பத்தையும் உண்டாக்கலாம். இவற்றுக்காக மருந்தை விட்டுவிட வேண்டியதில்லை. வைத்தியரிடம் சொன்னால் மாற்று மருந்து கொடுப்பார். படுக்கையிலிருந்து எழுகையில் தலை சுற்றுகிறவர்கள் சிறிது உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். இரவில் எழுந்திருக்கும் முதியோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும். வாந்தியும் பேதியும் கண்டு உடம்பில் நீர் வற்றியபோது, சில மாத்திரைகளை இரண்டொரு நாள் நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம். அன்றே வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் உதடோ, நாக்கோ, முகமோ திடீரென்று வீங்கினால் மட்டும் யோசனைக்கே இடமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அம்மருந்தை மறுபடி தொடவும் கூடாது.

வீட்டிலேயே அழுத்தத்தை அளந்து பார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு அளப்பது வீண் கலவரத்துக்கு வழி. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபியும் புகையிலையும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் பேசாமல் அமர்ந்த பின், கையை இருதயத்தின் மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு முறையும் அளந்து, இரண்டையும் குறித்து வைக்க வேண்டும். ஒருநாள் எண் ஏறியிருந்தால் தாமாகவே இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாகாது. நிஃபெடிபின் குளிகையைக் குத்தி நாக்கின் கீழ் விட்டு அழுத்தத்தைச் சடுதியில் இறக்கும் பழக்கம் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே இருந்தது. அப்படிச் சடுதியில் இறக்கியதால் பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்ததைக் கண்டு, அதைக் கைவிட வேண்டும் என்று 1996-இல் வைத்திய நிபுணர்கள் எழுதினார்கள். ஏற்றத்தைப் போலவே திடீர் இறக்கமும் ஆபத்து. வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கம் வலுவிழத்தல், நெஞ்சு வலி ஆகிய இவற்றில் எது கண்டாலும் மாத்திரையைத் தேடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

2019-ஆம் வருஷத்துக் கணக்கின்படி, உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் 128 கோடிப் பேருக்கு இவ்வியாதி இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதை அறியார். கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளி கிராமத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்படி இம்மருந்துகளை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சர்க்கார் மாத்திரையை வாசல் வரையில் கொண்டுவரலாம். வாசலிலிருந்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டியது குடும்பத்தார் பொறுப்பு.

ஆகவே நேயர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறோம். இதைப் படித்து முடித்ததும் வீட்டிலுள்ள மருந்து டப்பாவைத் திறவுங்கள். பெரியவர்கள் உண்ணும் ஒவ்வொரு மாத்திரையின் சிறிய எழுத்துப் பெயரையும், அளவையும், வேளையையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். மூட்டு வலி மாத்திரையையும், சூரணத்தையும், கஷாயத்தையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அந்தக் காகிதம் சட்டைப் பையில் இருக்கட்டும்.