தேடினால் கிடைத்துவிடும், சரி. எது செல்லும்?

சிறு தொழிற்கூடங்களுக்கு ஆவண மேலாண்மைத் தளம் வீண்செலவு, எவர்நோட் போன்ற குறிப்புச் செயலியே போதும் என்று எழுதியிருக்கிறார் நண்பர். விலை குறைவு, தேடல் வேகம், ஊழியர்களுக்குப் பழகியது என்பவை அவர் காட்டும் காரணங்கள். தொழிற்கூடத்தின் வாசலைக்கூட மிதிக்காத வாதம் இது.

வாடிக்கையாளர் ஒரு ஷாஃப்ட் டிராயிங்கைத் திருத்தி 'ரெவ் டி' என்று அனுப்புகிறார். விட்டத்தில் 0.05 மி.மீ. மாற்றம். செயலியில் தேடினால் 'ரெவ் சி'யும் வரும், 'ரெவ் டி'யும் வரும். ஒப்புதல் பெற்றது எது? ஒப்புதல் தந்தவர் யார்? லேத் பக்கத்தில் ஒட்டியிருந்த பழைய தாளை எடுத்தாயிற்றா? தேடலின் வேகம் இதில் எதற்கும் பதில் தராது. ஐஎஸ்ஓ 9001:2015 தரத்தின் 7.5 பிரிவு கேட்பதோ இவற்றைத்தான். பழைய பதிப்புகளைச் செயலி சேமிக்கிறதே என்கிறார். சேமித்த பதிப்பும் ஒப்புதல் பெற்ற பதிப்பும் ஒன்றென்று நினைப்பவர் ஆடிட்டில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை.

விலைக்கு வருவோம். 2023 டிசம்பரில் எவர்நோட் இலவசக் கணக்கை 50 குறிப்புகளோடு நிறுத்தியது. அதைத் தாண்டியவர்கள் பணம் கட்டாமல் புதிதாக ஒன்றுகூடச் சேர்க்க முடியவில்லை. விலையோடு முடியவில்லை, காப்பதும் இருக்கிறது: கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் காக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு. ஊழியரின் சொந்தக் கணக்கில் அவை கிடந்தால், அவர் வேலையை விட்ட மறுநாள் யாரிடம் போய்க் கேட்பது?

குறிப்புச் செயலிக்கு நான் எதிரி அல்லன். சூப்பர்வைசரின் அரைகுறை யோசனைக்கும் மீட்டிங் குறிப்புக்கும் அதுதான் சரியான இடம். அவற்றையும் ஒப்புதல் வரிசையில் நிறுத்தினால் யாரும் எதையும் எழுதமாட்டார்கள்.

பெரிய தளம் வாங்கக் காசில்லையா? ஐஎஸ்ஓ எந்த மென்பொருளையும் வாங்கச் சொல்லவில்லை. எந்தப் பதிப்பு செல்லும் என்று காட்டும், ஒழுங்காகப் பராமரித்த மாஸ்டர் லிஸ்டும் 'கன்ட்ரோல்டு காப்பி' முத்திரையும் நண்பரின் செயலியைவிட நூறு மடங்கு மேல். தேவை கட்டுப்பாடு. அதையே வீண்செலவு என்கிறார் அவர். பழைய டிராயிங்கில் கடைந்த லாட் ரிஜெக்ட் ஆகித் திரும்பினால், மெமோ வாங்குபவர் கட்டுரையாளர் அல்லர், கையில் கொடுத்த தாளை நம்பி வேலை செய்த ஆபரேட்டர்.