சாவி ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் இருந்தா அது சொத்தா?



வேல்ஸ்ல நியூபோர்ட்னு ஒரு ஊர். அங்கே ஜேம்ஸ் ஹோவெல்ஸ்னு ஒரு கம்ப்யூட்டர் எஞ்சினியர். 2009-ல, பிட்காயின் பிறந்த புதுசுல, தன்னோட லேப்டாப்பை ஓடவிட்டு சுமார் 8,000 பிட்காயின் சேர்த்தார். அன்னிக்கு அதுக்கு மதிப்புன்னு ஒண்ணும் கிடையாது. பின்னாடி லேப்டாப் மேல எலுமிச்சை ஜூஸ் கொட்டிருச்சு. மத்த பாகங்களைக் கழட்டிக் கொடுத்துட்டு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் டிராயர்ல போட்டு வச்சார். 2013-ல வீட்டை ஒழிச்சப்ப அந்த டிராயர்ல ரெண்டு ஹார்ட் டிஸ்க் இருந்துச்சு. ஒண்ணு காலி. குப்பைக்குப் போனது மத்தது.

அதிலிருந்து அந்த ஊர் மாநகராட்சிகிட்ட, குப்பைக்கிடங்கைத் தோண்ட அனுமதி கொடுங்கன்னு கேட்டுட்டே இருந்தார். தோண்டுற செலவு நானே தர்றேன், கிடைச்சா ஊருக்கும் பங்கு தர்றேன்னு சொன்னார். மாநகராட்சி மசியலை. கிடங்குக்குள்ள வந்தது எங்க பொருள், தோண்டினா சுத்துப்புறம் கெடும்னு சொல்லிருச்சு. 2025 ஜனவரியில உயர் நீதிமன்றம், இந்த வழக்கு ஜெயிக்க வழியே இல்லைன்னு முழு விசாரணைக்குப் போகாமலேயே தள்ளிருச்சு. அந்தச் சமயத்துல அந்தக் காசுக்கு மதிப்பு சுமார் 60 கோடி பவுண்டு. மார்ச்சுல மேல்முறையீட்டுக்கும் அனுமதி கிடைக்கலை.

களை பறிக்கிற ஆளு பிட்காயினைப் பத்தி என்னத்த எழுதப் போறான்னு நினைப்பீங்க. இந்த விஷயம் கம்ப்யூட்டரைவிட சொத்தைப் பத்தினதுங்க. சொத்துன்னா என்ன, அது காணாமப் போறதுன்னா என்னன்னு, நிலத்தோட மல்லுக்கட்டுறவனுக்கும் ஒரு கருத்து இருக்கும்ல.

முதல்ல அந்தக் கிடங்கு. நான் மாநகராட்சி பக்கம்தான். 14 லட்சம் டன் குப்பை மூடிக் கிடக்கிற இடம் அது. உள்ளே அழுகி, வாயு கட்டி, கசிவுத் தண்ணி தேங்கி நிக்கும். அதைக் கிளறினா காத்தும் கெடும், தண்ணியும் கெடும். கொடுங்கையூர், பெருங்குடி பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒருத்தரோட புதையலுக்காக ஒரு ஊரே மூக்கைப் பொத்திக்கணும்னா அது நியாயமில்லை. ஆனா அந்த மனுஷன் மேல எனக்குக் கோபமும் இல்லை. தன்னோட பொருள் எங்கே கிடக்குதுன்னு தெரிஞ்சும் தொட முடியாம நிக்கிறது பெரிய கொடுமை.

சரி, அந்த டிஸ்க்குக்குள்ள என்ன இருக்கு? காசு இருக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. காசு அங்கே இல்லைங்க. எந்த முகவரியில எத்தனை பிட்காயின்ங்கிற கணக்கு, உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல திறந்த புத்தகமா கிடக்கு. யார் வேணா பார்க்கலாம். டிஸ்க்குல இருக்கிறது சாவி மட்டும். ரொம்ப நீளமான ஒரு எண். அது இருந்தாத்தான் அந்தக் காசை இன்னொருத்தருக்கு மாத்த முடியும். அந்தச் சாவியை வச்சிருக்கிற கோப்பைத்தான் வாலட்னு சொல்றாங்க.

நம்ம ஊர் கணக்குல சொன்னா, வயல் வயலாவே இருக்கு, எல்லாரும் வரப்புல நின்னு பார்க்கறாங்க, உரிமைக்காரனால மட்டும் உள்ளே இறங்க முடியலை. மூலப்பத்திரம் காணாமப் போனா நமக்கு ஒரு வழி இருக்கு. போலீஸ்ல புகார், பேப்பர்ல விளம்பரம், சார்பதிவாளர் ஆபீஸ்ல நகல். நாலு நடை அலைய விடுவாங்க, ஆனா கிடைக்கும். பிட்காயினுக்கு அப்படி ஒரு ஆபீஸ் கிடையாது. வேண்டாம்னுதான் அதை அப்படிக் கட்டியிருக்காங்க.

பழைய டிஸ்க்குல இருந்து இதை மீட்க முடியுமான்னா, சில சமயம் முடியும். அதுக்கும் ஒரு முறை இருக்கு.

கோப்பை அழிச்சாலும் உடனே எல்லாம் போயிடாது. இந்த இடம் காலின்னு கம்ப்யூட்டர் ஒரு குறிப்பு மட்டும் போட்டுக்கும். அறுவடை முடிஞ்ச வயல்ல தாள் நிக்கிற மாதிரி, பழைய எழுத்து அங்கேயே கிடக்கும். உழுது அடுத்த பயிரை நட்டுட்டா, அதாவது அதே இடத்துல புது கோப்பு எழுதிட்டா, அப்புறம் தேடிப் பிரயோஜனமில்லை. அதனால சந்தேகம் வந்த நிமிஷமே அந்த டிஸ்க்கைப் பயன்படுத்துறதை நிறுத்தணும். முதல்ல முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு நகல் எடுத்துக்கிட்டு, தேடுறதை நகல்லதான் செய்யணும். டிடிரெஸ்கியூ, ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருள் இதுக்கு இருக்கு. இப்போ வர்ற எஸ்.எஸ்.டி.யில இந்த அதிர்ஷ்டம் குறைவு. அழிச்ச இடத்தை அதுவே சீக்கிரம் துடைச்சு வச்சிரும். பழைய டிஸ்க் டக் டக்குனு சத்தம் போட்டா திரும்பத் திரும்ப மாட்டிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் உள்ளே கீறல் விழலாம். அதைத் தூசியில்லாத அறை வச்சிருக்கிற ஆளுங்கதான் திறக்கணும்.

கோப்பு கிடைச்சாலும் வேலை முடியலை. 2011-லிருந்து பிட்காயின் வாலட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுற வசதி வந்திருச்சு. பூட்டியிருந்து பாஸ்வேர்டு மறந்திருந்தா, கைப்பிடி அரிசிக்கு நெல்லு மலையைக் குத்துற கதைதான். பாதி ஞாபகம் இருந்தா மிச்சத்தை மென்பொருள் வச்சு மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கலாம். சுத்தமா ஞாபகம் இல்லைன்னா கை விரிக்க வேண்டியதுதான்.

ரெண்டு பேர் கதையைச் சொல்றேன். ஸ்டெஃபன் தாமஸ்னு ஒரு புரோகிராமர், சான் பிரான்சிஸ்கோவுல இருக்கிறவர். பிட்காயின்னா என்னன்னு விளக்குற வீடியோ ஒண்ணு செஞ்சதுக்குக் கூலியா 2011-ல கிடைச்ச காசு அவருக்கு 7,002 பிட்காயின். அதோட சாவியை அயன்கீங்கிற பாதுகாப்பு பென்டிரைவ்ல வச்சார். பத்து தடவை தப்பாப் போட்டா தன்னைத்தானே நிரந்தரமாப் பூட்டிக்கும் பென்டிரைவ் அது. பாஸ்வேர்டு எழுதின தாள் காணோம். எட்டு தடவை போட்டுப் பார்த்தாச்சு, இன்னும் ரெண்டு வாய்ப்புதான்னு 2021-ல செய்தி வந்துச்சு. கள்ளன் வரக்கூடாதுன்னு கட்டின வேலி, வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்திருச்சு.

இன்னொருத்தர் ஐரோப்பாக்காரர், பேர் வெளியே வரலை. 2013-ல 43.6 பிட்காயினை 20 எழுத்து பாஸ்வேர்டுல பூட்டினார். அந்தப் பாஸ்வேர்டை வச்சிருந்த கோப்பு கெட்டுப் போச்சு. ஜோ கிராண்ட்ங்கிற அமெரிக்க எஞ்சினியரும் அவரோட கூட்டாளியும் பார்த்தப்ப, பாஸ்வேர்டு உண்டாக்கின ரோபோஃபார்ம் மென்பொருளோட பழைய பதிப்புல ஒரு ஓட்டை இருந்தது தெரிஞ்சுது. அது கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்திருக்கு. அதனால அன்னிக்கு நேரம் என்னன்னு ஒவ்வொரு நொடியாப் போட்டுப் பார்த்து, 2013 மே 15-ந் தேதி சாயந்தரம் பிறந்த அந்தப் பாஸ்வேர்டைப் பிடிச்சுட்டாங்க. இவருக்குக் கிடைச்சதுக்குக் காரணம் பூட்டுல இருந்த குறை. பூட்டு ஒழுங்கா இருந்திருந்தா இவரும் தாமஸ் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பார்.

இப்படி முடங்கிக் கிடக்கிறது கொஞ்சநஞ்சமில்லை. 2021 தொடக்கத்துல புழக்கத்துக்கு வந்திருந்த சுமார் 185 லட்சம் பிட்காயின்ல அஞ்சுல ஒரு பங்கு இப்படிக் கைக்கு எட்டாமப் போயிருக்கும்னு செயினாலிசிஸ் நிறுவனம் கணக்கு சொல்லிச்சு.

இப்ப என் கருத்துக்கு வர்றேன்.

எங்க ஊர்ல ஒரு பெரியவர் இருந்தார். கையில இருந்ததுல பாதியை அக்கம்பக்கத்துல கைமாத்தா கொடுத்திருந்தார். சீட்டு, பத்திரம் எதுவும் கிடையாது. மீதியை நகையா வாங்கி வீட்டுல எங்கேயோ புதைச்சு வச்சார். பெண்டாட்டி கிட்டகூட இடத்தைச் சொல்லலை. ஒரு நாள் களத்து மேட்டுலயே மயங்கி விழுந்து போய்ச் சேர்ந்துட்டார். கருமாதி முடிஞ்ச மறுவாரம், "ஐயா கிட்ட வாங்கினதுங்க அக்கா, கணக்குப் பார்த்துக்கங்க"ன்னு ஒவ்வொருத்தரா வந்து கொடுத்துட்டுப் போனாங்க. வாங்கினப்ப பக்கத்துல ஆள் இருந்துச்சு, ஊருக்குத் தெரியும். கைமாத்துல முக்காவாசி திரும்பிருச்சு. புதைச்சது? அந்த வீட்டுத் தரையை ரெண்டு தடவை பெயர்த்துப் பார்த்தாங்க. இன்னிக்கு வரைக்கும் கிடைக்கலை.

அடுத்தவனை நம்பிக் கொடுத்தது வந்துச்சு. யாரையும் நம்பாம வச்சது போச்சு. நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் அது சொத்து. ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா அது ரகசியம். அந்த ஆள் போனா அதுவும் கூடவே போயிடும்.

ரகசியத்துல இன்னொரு ஆபத்தும் இருக்கு. கனடாவுல குவாட்ரிகான்னு ஒரு கிரிப்டோ சந்தை. அதை நடத்தின ஜெரால்டு காட்டன், 2018 டிசம்பர்ல நம்ம ஜெய்ப்பூருக்கு வந்த இடத்துல இறந்துட்டார். சாவியெல்லாம் அவர்கிட்டதான், யாராலயும் திறக்க முடியலைன்னு சொன்னாங்க. பல்லாயிரக்கணக்கானவங்க பணம் மாட்டிக்கிச்சு. அப்புறம் தோண்டித் துருவினா, அந்தப் பெட்டிகள்ல பெரும்பாலும் காலி. ஆள் உயிரோட இருந்தப்பவே மோசடியில போயிருச்சுன்னு ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் 2020-ல அறிக்கை கொடுத்துச்சு. ஒரே ஆள் கையில சாவி இருந்தா, தொலைஞ்சுதா, திருடு போச்சான்னுகூட மத்தவங்களுக்குத் தெரியாது.

பிட்காயின்காரங்க பக்கமும் நியாயம் இல்லாம இல்லை. எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட வேண்டாம், எந்த பேங்கும் முடக்க முடியாது, யாரும் மேஜைக்கடியில கை நீட்ட மாட்டாங்க. உட்பிரிவு பட்டாவுக்கு அலைஞ்ச எனக்கு அந்த ஆசை நல்லாவே புரியுது. ஆனா ஆபீசரே வேண்டாம்னு சொல்றதுக்கும், சாட்சியே வேண்டாம்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்குங்க.

கோயில் உண்டியலைப் பாருங்க. ஒண்ணுக்கு மேல பூட்டு, சாவி ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தர் கிட்ட. ஒருத்தர் தனியாத் திறக்க முடியாது. பிட்காயின்லயும் இதே ஏற்பாடு உண்டு. மூணு சாவியில எந்த ரெண்டு சேர்ந்தாலும் திறக்கும்னு வச்சுக்கலாம். ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு வீட்டுக்காரர் அல்லது வீட்டுக்காரம்மாகிட்ட, ஒண்ணு பேங்க் லாக்கர்ல. ஒண்ணு தொலைஞ்சாலும் சொத்து நிக்கும், ஒண்ணு களவு போனாலும் நிக்கும். விதைநெல்லை ஒரே குதிருல கொட்டி வைக்காம, பாதியைப் பங்காளி வீட்டுல வைக்கிற புத்திதான் இது.

அவ்வளவு தூரம் போக முடியலைன்னா, இப்போ வர்ற வாலட்டுகள் கொடுக்கிற 12 அல்லது 24 வார்த்தைகளைத் தாள்ல எழுதி ரெண்டு இடத்துல வையுங்க. செல்போன்ல படம் எடுத்து வைக்காதீங்க. அந்தத் தாள் எதுக்குன்னு வீட்டுல ஒருத்தருக்காவது சொல்லுங்க.

பழைய டிஸ்க்கை வச்சுக்கிட்டுத் தவிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மீட்டுத் தர்றேன், முன்பணம் அனுப்புங்கன்னு வாட்ஸ்அப்ல வர்றவனை நம்பாதீங்க. அந்த 12 வார்த்தையைக் கேட்கிறவன் யாரா இருந்தாலும் திருடன்தான். அதிர்ஷ்டமிருந்து கிடைச்சு, வித்தீங்கன்னா, 2022-லிருந்து நம்ம நாட்டுல லாபத்துக்கு 30 சதவீத வரி இருக்குங்கிறதையும் கணக்குல வச்சுக்கங்க.

பிட்காயினே இல்லாதவங்களும் இந்த ஞாயித்துக்கிழமை அலமாரியில கிடக்கிற டிஸ்க், பென்டிரைவ் எல்லாத்தையும் எடுத்து, எதுல என்ன இருக்குன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்க. அம்மா அப்பா கல்யாண ஃபோட்டோவும், பிள்ளையோட முதல் பேச்சும் அதுலதான் இருக்கும். இன்சூரன்ஸ், பேங்க் கணக்கு, லாக்கர் விவரத்தையும் ஒரு நோட்டுல எழுதி, நோட்டு இருக்கிற இடத்தை வீட்டுல சொல்லி வையுங்க. அரைமணி நேரத்து வேலைதான்.

நாத்தங்கால்ல தண்ணி கட்டணும். அடுத்த பதிவுல பார்க்கலாம்.