துரைமாரே, எங்கள் கேள்விகள் இலவசம்!



கம்பனி மேலதிகாரிகளுக்குத் தனிப் பயிற்சியாளர் வைக்கிறார்கள். அவர் புத்தி சொல்வதில்லை, கேள்வி கேட்பார். பதில் தேடும்போது அதிகாரி தன் குறையை உணர்ந்து வளர்வாராம். நியாயந்தான். பதவி உயர உயர, உண்மை பேச ஆள் குறையும்.

ஆனால் காசு கொடுத்தா கேள்வி வாங்க வேண்டும்? கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வாருங்கள். 1992 முதல் தோட்டத்தை நடத்துகிறீர்கள். லயம் ஏன் இன்னும் ஒழுகுகிறது? 2024இல் 1,700 ரூபாய் சம்பள வர்த்தமானியை எதிர்த்து ஏன் நீதிமன்றம் போனீர்கள்? நிறை குறைந்தால் ஏன் அரைப் பேர்?

சங்கத் தலைவர்களே, உங்களுக்கும் இதே பாடம். சந்தாவுக்கு மட்டும் வராதீர்கள். லயத்து வாசலில் உட்காருங்கள், பேசாமல் கேளுங்கள்.

– 1977 வன்செயலில் மலையகத்தை விட்டு வந்த குடும்பத்து மகள், தன்னாமுனை