பேப்பர்ல பேர் வர்றதுக்கு முன்னாடி கணக்கு ரெடியா?



போன வாரம் ஆம்பூர்ல இருந்து ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்திருந்தார். ஷூ கம்பெனியில மெர்ச்சண்டைசர் வேலை. சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் வீட்டு மாடியில ரெண்டு பேரை வச்சு தோல் பர்ஸ், பெல்ட் தைக்கிறார். "அண்ணா, விளம்பரத்துக்குக் கையில காசு இல்ல. பேப்பர்லயோ யூடியூப்லயோ ஃப்ரீயா வர வழி இருக்கா?"ன்னு கேட்டார்.

வழி இருக்கு. ஆனா மூணு மாசம் பொறுங்கன்னு சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிடுச்சு. நம்ம வாசகர்கள்ல பல பேர் சம்பளத்தோட ஒரு சைடு பிசினஸும் பண்றீங்க. அதனால என்ன காரணம்னு இங்கயும் சொல்லிடறேன்.

முதல்ல, மீடியா எதைத் தேடி வருதுன்னு பாருங்க. கோயம்புத்தூர் பக்கம் வடிவேலம்பாளையத்துல கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றது எல்லாருக்கும் தெரியும். 2019 செப்டம்பர்ல அவங்க விறகடுப்புல இட்லி சுடுற வீடியோவை ஆனந்த் மஹிந்திரா ட்விட்டர்ல பகிர்ந்தார். உடனே கேஸ் இணைப்பு கிடைச்சது. 2022 அன்னையர் தினத்துல வீடே கட்டிக் கொடுத்தாங்க. பாட்டி எந்தப் பத்திரிகைக்கும் போன் பண்ணல. வருஷக்கணக்கா அதே வேலையை அதே விலையில செஞ்சுக்கிட்டே இருந்தாங்க. நிருபருக்கு ஒரே வரியில சொல்ற மாதிரி விஷயம் அங்க தயாரா இருந்தது. "என் பர்ஸ் தரமானது" என்பதை எந்த எடிட்டரும் போட மாட்டார், அதுக்கு விளம்பரப் பக்கம் இருக்கு.

தோல் தொழில்ல அந்த ஒரு வரி நம்ம ஊர்லயே கிடைக்குது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத் தோல் பதனிடுற பழைய முறை இருக்கே, அந்த மாதிரி தாவரப் பொருள்ல பதனிடுற 'ஈ.ஐ. லெதர்' புவிசார் குறியீடு வாங்கின பொருள். நீங்க நிஜமாவே அந்தத் தோல்ல பர்ஸ் செய்றீங்கன்னா அது செய்தி. உள்ளூர் நிருபருக்கு நாலு வரி, நல்ல போட்டோ ரெண்டு, போன் நம்பர் அனுப்பினா போதும். கூகுள் மேப்புல கடையைப் பதிவு பண்றதும் இலவசம்தான்.

அப்புறம் ஏன் மூணு மாசம்? தம்பிகிட்ட நாலு கேள்வி கேட்டேன்.

ஒண்ணு, தோல் எங்கிருந்து வருது? வேலூர் தோல்னாலே பாலாறு ஞாபகம் வரும். 1996-ல உச்ச நீதிமன்றம் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. 2025 ஜனவரியில அதே பாலாறு மாசு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்பு. அதனால நிருபர் இந்தக் கேள்வியைக் கேட்காம விடமாட்டார். தம்பி சொன்ன பதில்: "கம்பெனியில மிஞ்சுற தோல்ணா. சூப்பர்வைசர்கிட்ட வாங்குறேன்." பில் இருக்கா? இல்லை. இது அப்படியே பேப்பர்ல வந்தா, தன் மேலேயும் அந்த சூப்பர்வைசர் மேலேயும் தானே புகார் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிடும்.

ரெண்டு, வேலை ஒப்பந்தத்துல என்ன இருக்கு? வேற தொழில் செய்யக் கூடாதுன்னு பல ஆஃபர் லெட்டர்லயே இருக்கும். யாரும் அதைப் படிக்கிறதில்லை. "நான் அந்த வெளிநாட்டு பிராண்டுக்கு ஷூ செய்றவன்"னு பெருமையா பேட்டி கொடுத்தா, பையரோட ரகசிய ஒப்பந்தமும் சேர்ந்து மாட்டும். எழுத்துல அனுமதி வாங்குங்க.

மூணு, ஜிஎஸ்டி, வருமான வரி. நம்ம மாநிலத்துக்குள்ள பொருள் விற்றா 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனா வெளிமாநிலத்துக்கு அனுப்பினா பொதுவா முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேணும். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் சலுகை உண்டு. வீடியோ ஓடினா முதல் ஆர்டரே பெங்களூர்ல இருந்து வரும். அதோட, சம்பளக்காரர் வழக்கமா போடுற ஐடிஆர்-1-ல தொழில் வருமானத்தைக் காட்ட முடியாது. "மாசம் ஒரு லட்சம் பார்க்கிறேன்"னு கேமரா முன்னாடி அளந்துட்டு ரிட்டர்ன்ல பூஜ்யம் காட்டினா, நோட்டீஸ் வரும்போது நான் காப்பாத்த முடியாது.

நாலு, ஒரு பர்ஸுல என்ன நிக்குது? அவர் சொன்ன கணக்கு: அடக்கம் 380, கூரியர் 60, விலை 450. மிச்சம் 10 ரூபாய், அவரோட உழைப்புக்குக் கூலி சேர்க்காம. 200 ஆர்டர் வந்து, அதுல 20 கேஷ் ஆன் டெலிவரி திரும்பி வந்தா? 180 பர்ஸுல லாபம் 1,800. திரும்பினதுக்குப் போக வர கூரியர் 2,400. நிகர நஷ்டம் 600. இந்த நிலைமையில விளம்பரம் கிடைச்சா நஷ்டம்தான் வேகமா வளரும்.

இன்னொரு எச்சரிக்கை. பேர் கொஞ்சம் வெளிய தெரிஞ்சதும் ஒரு போன் வரும். "சார், உங்களை இளம் தொழில்முனைவோர் விருதுக்குத் தேர்ந்தெடுத்திருக்கோம், 15,000 மட்டும் கட்டணும்." எனக்கே வந்திருக்கு. காசு கொடுத்து வாங்குற விருதை வாடிக்கையாளர் நம்பறதில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல தோலும் நல்ல ஜிப்பும் வாங்கலாம்.

நான் சொல்றதுல ஒரு சுயநலமும் இல்லை. ஆள் பிடிக்கிறதுக்கு எங்க சட்டமே தடை போடுது. வீடியோவுல என் ஃபர்ம் பேரைச் சொல்லாததும் அதனாலதான். ஆனாலும் ஆபீஸுக்கு ஆள் வர்றாங்க, ஏற்கெனவே வந்தவங்க சொல்லித்தான். முதல் 50 வாடிக்கையாளர் உங்களுக்கு மீடியா. அவங்க ரெண்டாவது பர்ஸ் கேட்டு வந்தப்புறம் நிருபரைக் கூப்பிடுங்க.

தம்பி இப்போ தோல் மொத்தக் கடையில பில்லோட வாங்க ஆரம்பிச்சிருக்கார். விலையை 599 ஆக்கியிருக்கார். நிருபரோட நம்பர் என்கிட்டதான் இருக்கு. மூணு மாசம் கழிச்சுத் தரேன்னு சொல்லியிருக்கேன்.

தொழில் வருமானத்துக்கு எந்த ஐடிஆர்னு அடுத்த வீடியோவுல விவரமா பார்ப்போம்.